ஸகாத் மண்டபத்துத் திரை

மண்ணெண்ணெய் கலந்த பெயின்ற் மணம். போன கிழமை கல்முனைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் திரும்புகிறேன். மடியில் இருந்த மீன் மணத்தையும் வெட்டிக்கொண்டு அது வந்து மூக்கில் நின்றது. "நிப்பாட்டுங்க தம்பி" என்று இறங்கிவிட்டேன். நாம் படித்த பள்ளிக்கூடத்து முன்மதிலில் ஏணி சாத்தியிருந்தது. ஏணியில் ஒரு பெண்பிள்ளை, ஹபாயாவின் கைகளை முழங்கைவரை சுருட்டிவிட்டு, கடலின் நீலத்தை மதிலில் இழுத்துக்கொண்டிருந்தாள். கீழே சின்னப் பிள்ளைகள், ஆளுக்கொரு தூரிகையோடு. கலை மன்றத்து ஆட்களாம். சனிக்கிழமைகளில் வந்து பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக் கொடுக்கிறார்களாம்.

"மாமி, பெயின்ற் படும், தள்ளி நில்லுங்க" என்றாள் ஏணிக்காரி.

"படட்டும் மகள்" என்றேன்.

கூட்டாளிமாரே, ஒன்பதாம் வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் நெருக்கியடித்து இருந்தவர்களே, அந்த மணம் என்னை எங்கே கொண்டுபோய் இறக்கியது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தாலும் சொல்வேன். பேரப்பிள்ளைகளின் படங்களை அனுப்பி அனுப்பி நம் போன் குழு நிரம்பிக் கிடக்கிறது. அதற்குள் இந்த ஒரு படத்தையும் செருகிவிடுகிறேன்.

அது கச்சான் காற்றுக் காலம். மேற்கிலிருந்து வயல்களை உரசிக்கொண்டு வரும் காற்று, வாயைத் திறந்தால் பல்லில் மண் நெரிபடும். பின்னேரங்களில் பள்ளிக்கூடத்துத் தகரக் கூரை சுருங்கும் சத்தம், வயதான ஒருவர் விரல் முறிப்பதுபோல டொக் டொக்கென்று கேட்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவேதான் அதிபர் வந்து சொன்னார்: சித்திரத்துக்கு ஆசிரியர் இல்லை, கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரி வருகிறார், இந்தப் பாடத்தை நம் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துவிடுவார்கள்போல் இருக்கிறது, வேறு பாடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பலருக்கு அது பெரிய இடி இல்லை. வர்த்தகத்துக்குப் போகலாம், மனையியலுக்குப் போகலாம். எனக்கு எங்கே போக? கணக்கு என்னைக் கண்டால் கதவைச் சாத்தும். விஞ்ஞானப் புத்தகத்தில் நான் படித்தது தவளையின் படத்தை மட்டும். வீட்டில் போய்ச் சொன்னேன். உம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தா. நிமிரவில்லை.

"அப்ப நல்லதாப் போச்சு. சித்திரமும் இல்லாட்டி பள்ளிக்கூடத்தில உனக்கென்ன வேல? வீட்ட இரு. பாய் இழைக்கப் பழகு."

உம்மா கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் பயம். கோபத்தில் சொன்னதைக் கண்ணீரால் மாற்றலாம். அமைதியாகச் சொன்னதை எதால் மாற்றுவது? அடுத்த தவணைக்கு நான் பள்ளிக்கூடம் போவேனா இல்லையா என்பது அந்த ஒரு பாடத்தில் தொங்கியது. வீட்டுப் பின்பக்கம் பாய்க்கு அறுத்த பன் புல் காய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததாக எனக்கு ஒரு எண்ணம்.

நமக்கு ஒரு கலை மன்றம் இருந்ததே. பெருநாளுக்குப் பெருநாள் நாடகம் போடுகிற மன்றம். அதன் செயலாளர் என் சாச்சா, வாப்பாவின் தம்பி. பஸ் டிப்போவில் டைம்கீப்பர். கழுத்தில் எந்த நேரமும் விசில். செய்தி கேட்டதும் சைக்கிளை மதிலில் மோதி நிறுத்திவிட்டு அதிபரின் அறைக்குள் போனார். சன்னலுக்கு வெளியே நாம் குந்தியிருந்து கேட்டோம்.

"சேர், சாரதி இல்லையெண்டு பஸ்ஸ ஆரும் உடைச்சு விப்பாங்களா? எங்கட மன்றம் ஓட்டும்."

"உங்கட மன்றத்தில சித்திரம் படிச்ச ஆக்கள் இரிக்கிறாங்களா?"

சாச்சா கழுத்து விசிலைத் திருகினார். "படிச்ச ஆள் இல்ல. கீறுற ஆள் இரிக்கி."

அந்த ஆள் காரைதீவிலிருந்து வந்தார். கோயில் திருவிழாக் கூத்துக்கும் நம் பெருநாள் நாடகத்துக்கும் அவரே சீன் கீறுவார்: மேடைக்குப் பின்னால் தொங்கும் பெரிய திரைகள், அரண்மனை, காடு, கடற்கரை. நாம் அவரைச் சீன் அண்ணன் என்றோம். மன்றத்தில் இன்னொருவர் சாயக்கார மாமி. பாய்க்குப் பன் சாயம் போடுகிறவர், நாடகத்துக்கு உடுப்பும் அவர் கைதான். இந்த மூவரும்தான் நமக்குக் கிடைத்த சித்திர ஆசிரியர்கள். மூவரில் ஒருவருக்கும் பென்சில் பிடித்துக் கீறத் தெரியாது.

சீன் அண்ணனுக்குச் சின்னக் கடதாசியே ஆகாது. பழைய நாடகத் திரையொன்றைக் கொண்டுவந்து, அரண்மனைப் பக்கத்தைக் கீழே போட்டு, வெள்ளைப் பக்கத்தை விரித்தார். எந்த வகுப்பறையிலும் அது அடங்கவில்லை. ஒரு முனை வாசலால் வெளியே போய் மாமரத்தடியில் கிடந்தது. அதிபர் தலையில் கை வைத்தார்.

அப்போதுதான் சாச்சா பள்ளிவாசல் தலைவரிடம் போனார். ஊரில் அவரை மரைக்கார் என்போம். பள்ளிவாசல் வளவுக்குள் ஒரு நீள மண்டபம் உண்டல்லவா, வெட்டு முடிந்ததும் வயற்காரர்கள் ஏழைகளுக்கென்று கொடுக்கும் ஸகாத் நெல் அடுக்குகிற மண்டபம், அது அப்போது வெறுமையாகக் கிடந்தது. மரைக்கார் வெள்ளைச் சட்டை, கறுப்புக் குடை, சிரிப்பில்லாத வாய். நமக்கெல்லாம் அவரைக் கண்டால் நடை வேகமாகும்.

"தாறன்" என்றார். "சிறுபோக நெல் வாற வரைக்கும். ஆனா ஒண்டு. ஸகாத் நெல் வைக்கிற இடம். அதுக்குள்ள முகம் கீறப்படா."

"ஓம் மரைக்கார்" என்றார் சாச்சா, சந்தோஷத்தில், என்ன கேட்டார் என்று கூட யோசிக்காமல்.

இரண்டொரு நாளில் கல்விக் கந்தோர் அதிகாரி வந்தார். மண்டபத்தில் விரித்திருந்த வெறும் திரையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "ஊர் வாழ்க்கையைக் கீறிக் காட்டுங்க. பிள்ளைகள் கீற வேணும். ஆக்கள் நிறைய இருக்க வேணும். தென்னை மரமும் சூரியனும் மட்டும் கீறி என்னை ஏமாத்தப்படாது. நல்லா வந்தா, ஆசிரியர் வரும்வரை உங்கட மன்றமே படிப்பிக்கலாம், பாடமும் இருக்கும். வராட்டி மன்னிச்சுக்கொள்ளுங்க."

அவர் போன பிறகு சாச்சா மண்டப வாசற்படியில் இருந்துவிட்டார். "ஒருத்தர் ஆக்கள ஏத்தச் சொல்றார். மத்தவர் முகத்த இறக்கச் சொல்றார். நான் எந்த விசில ஊதுற?"

"முகம் இல்லாம மனிசரக் கீறினா அது பேய்ப் படம் தம்பி" என்றார் சீன் அண்ணன். "நான் இவ்வளவு காலம் படத்துக்குக் கண் தொறந்து பழகின ஆள்."

"மரைக்காரிட்ட இன்னொருக்காக் கதைச்சுப் பாருங்களன்" என்றார் மாமி.

சாச்சா கதைக்கவில்லை. பயம் என்று அன்றைக்கு நினைத்தோம். இன்றைக்குத் தோன்றுகிறது, அந்த மனிதர் மண்டபத்தைத் தந்ததே எவ்வளவு பெரிய காரியம் என்று சாச்சாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஊர் அவரிடம் கேள்வி கேட்கும். அவர் பதில் சொல்ல வேண்டும். 'உள்ளே முகம் இல்லை' என்கிற அந்தப் பதிலை அவரிடமிருந்து பிடுங்க சாச்சா விரும்பவில்லை. சிறுபிள்ளைக் கண்ணுக்கு மரியாதையும் பயமும் ஒரே நிறம்.

"முதல்ல கடற்கரைக்குப் போவம். பாத்துக் கீறிட்டு வருவம். பிறகு பாப்பம்" என்றார்.

கரைவலை இழுக்கும் நாள். அந்த நாளை நான் நாக்கில் வைத்திருக்கிறேன்: உப்பு, மாமி கொண்டுவந்த பணிஸ், போத்தலில் ஆறிப்போன பிளேன்டி. வலை தூரத்தில் வளைந்து கிடக்கிறது. கரையில் இரண்டு கயிறுகள், ஒவ்வொன்றிலும் வரிசையாக மனிதர்கள், கடலைப் பார்த்தபடி, குதிகாலை மணலில் ஊன்றி, பின்னுக்குச் சாய்ந்து சாய்ந்து இழுக்கிறார்கள். ஏலோ ஏலோ என்று தொண்டைகள் எழும்பி விழுகின்றன. அந்த வரிசையில் என் வாப்பாவும் நின்றார்.

நாம் பெண்பிள்ளைகள் தண்ணீர்க் கரைக்குப் போகக் கூடாது. ஆம்பிளைகள் சாரனை மடித்துக் கட்டி வேலை செய்கிற இடம். மேலே, கரையேற்றிக் கிடந்த தோணிகளின் நிழலில் நம்மை இருத்தினார் மாமி. பொடியன்கள் கீழே ஓடிப்போய் அலை நனைக்கும் இடத்தில் நின்று, இழுக்கிறவர்களின் முகத்தைப் பார்த்துக் கீறினார்கள். நமக்குத் தெரிந்தது முதுகுகள் மட்டும்.

ஆனால் என்ன முதுகுகள்! வியர்வையில் ஒட்டிய பெனியன்கள். கச்சானில் பறக்கும் சாரன் நுனிகள். ஒரு தோள் ஏறினால் மறு தோள் இறங்கும். இரும்பு முதுகு, கூன் முதுகு, புதுமாப்பிள்ளை முதுகு. சீமெந்துப் பைக் கடதாசியில், சிரட்டைக் கரியால், நான் நிறுத்தாமல் கீறினேன். ஒரு முதுகு முடிய அடுத்த முதுகு. "கையால கீறாத புள்ள, தோளால கீறு" என்று அண்ணன் சொல்லியிருந்தார். அன்றைக்குத்தான் அது என் தோளுக்கு விளங்கியது. இடையில் எவரோ ஒருவர் குடையோடு தோணிகளைக் கடந்து கடலை நோக்கிப் போனார், ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. அவரையும் போட்டேன். ஆர் எவர் என்று பார்க்க நேரமில்லை. கண் கையோடு ஓடிக்கொண்டிருந்தது.

மண்டபத்தில் எல்லாவற்றையும் பரப்பினோம். பொடியன்கள் நம் பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் குதித்தார்கள்.

"பொட்டயளுக்கு மூக்குக் கீறத் தெரியா! எல்லாரும் அங்கால பாக்கிறாங்க!"

சாயக்கார மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பொடியன்களின் படங்களுக்கு முன்னால் நின்றார். "சரி, உங்கட படத்துல இது ஆருகா?"

"அது... மீன்கார மாமா."

"இது?"

"அதுவும்... இல்ல, அது அவர்ட தம்பி."

எல்லா முகங்களும் வட்டம், எல்லா வட்டத்திலும் ஒரே மீசை. மாமி நம் பக்கம் வந்து என் கடதாசிகளிடம் நின்றார். குனிந்தார். விரல் நீட்டினார். "இது உன்ட வாப்பா. இந்தச் சாஞ்ச தோள் தோணிக்கார மச்சான். இது அவர்ட மருமகன், சாரன எப்பயும் இப்பிடித்தான் கட்டுவான். இது..." கடைசியில் குடைக்காரரிடம் விரல் நின்றது. மாமி வாயைப் பொத்தினார். "யா அல்லாஹ்! இது மரைக்கார்!"

நான் திடுக்கிட்டேன். குடையின் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியதையும் விடாமல் கீறியிருந்தேன்.

பிறகு சாச்சா விசிலை எடுத்து ஊதினார், டிப்போவில் முதல் பஸ்ஸை விடுவதுபோல. "ஆக்களும் ஏறியாச்சு, முகமும் இறங்கியாச்சு. போவம் ரைட்!"

சீன் அண்ணன் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "இவ்வளவு சீன் கீறியும் எனக்கு இது தெரியாமப் போச்சே தங்கச்சி" என்று மாமியைப் பார்த்துச் சிரித்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வேன். மாமியின் சாயப் பானைகள் மண்டப முற்றத்தில் கொதித்தன: சிவப்பு, பச்சை, கத்தரிப்பூ. கடலுக்குச் சலவை நீலம். தோணிகளுக்கு, தோணிக்காரர்களே தந்த மிச்சப் பெயின்ற், மண்ணெண்ணெயில் கலக்கியது; அந்த மணம்தான், கூட்டாளிமாரே, அந்த மணம். தூரிகை போதாமல் கூட்டுகிற தும்புத்தடியை வெட்டினோம், தென்னம் பாளையை நசுக்கினோம். பொடியன்களும் வந்து சேர்ந்தார்கள், மூக்கை மறந்துவிட்டு. திரையின்மேல் வெறுங்காலோடு நடந்து நடந்து கீறினோம். கையில் ஏறிய சாயம் சோறு தின்னும்போதும் போகவில்லை. உம்மா என் விரல்களைப் பார்த்து, "எப்பிடியும் சாயக் கைதான் உனக்கு எழுதியிரிக்கி" என்றா. பாய்ச் சாயத்தை மனதில் வைத்துத்தான் சொன்னா. பாவம்.

அதிகாரி வந்த நாள் ஒரு வியாழக்கிழமை. மண்டபத்தின் நீளச் சுவர் முழுக்கத் திரை. கடலை இழுக்கும் ஒரு ஊரே முதுகு காட்டி நிற்கிறது. அதிபர் கழுத்துப் பட்டியை இறுக்கிக்கொண்டு நின்றார். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்.

"நிறம் நல்லா இருக்கு. ஆனா பிள்ளைகளுக்கு முகம் கீறத் தெரியாதோ? ஒருத்தரையும் அடையாளம் காணேலாதே."

அதிபர் நிலத்தைப் பார்த்தார். எனக்கு வீட்டுப் பின்பக்கத்துப் பன் கட்டுகள் தெரிந்தன. சாச்சா விசிலைப் பிடித்தார், ஊதவில்லை. வாசலைப் பார்த்து, "வாங்க, உள்ளுக்கு வாங்க" என்றார்.

வெளியே காத்திருந்த பெண்கள் நுழைந்தார்கள். வலைக்காரர்களின் மனைவிமார், தாய்மார், முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டபடி. கொஞ்ச நேரம் கசகசவென்றார்கள். பிறகு ஒரு குரல்.

"இஞ்ச பாருகா, என்ட மனிசன்!"

"எது உன்ட மனிசன்? அது என்ட மகன்!"

"போடி, என்ட மனிசன்ட முதுகு எனக்குத் தெரியாதா? சண்டை பிடிச்சா அதத்தானே எனக்குக் காட்டுவார்!"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. ஒருத்தி பின்னால் ஒருத்தி, திரையைத் தொடாமல் விரலை நீட்டி நீட்டி, ஊரையே பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு முதுகும் அநாதையாக நிற்கவில்லை. அதிகாரி ஒவ்வொரு விரலுக்குப் பின்னாலும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார், பந்தடி பார்க்கிறவர்போல.

உம்மா கடைசியாக வந்தா. வாப்பாவுக்கு முன்னால் நின்றா. பெனியனின் தோள்மூட்டில், நீலப் பெனியனுக்கு வெள்ளை நூலால் குறுக்குக் குறுக்காகப் போட்ட ஒட்டு. நான் அதைத் தையல் தையலாகக் கீறியிருந்தேன்.

"இது என்ட தையல்" என்றா உம்மா, எவரிடமும் இல்லாமல். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தா. "நீல நூல் முடிஞ்சிட்டெண்டு வெள்ளையால போட்ட. ஆருக்கும் தெரியாதெண்டு நெனச்சன்."

அந்தப் பார்வையை நான் இன்றுவரை செலவழித்து முடிக்கவில்லை.

அப்போதுதான் வாசலில் நிழல் விழுந்தது. பெண்கள் விலகி வழி விட்டார்கள். மரைக்கார். சிரிப்பு அடங்கியது. அவர் திரையின் ஒரு முனையிலிருந்து மெதுவாக நடந்து வந்தார், ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மறு கையில் மடித்த குடையோடு. குடைக்காரரின் முதுகுக்கு நேரே வந்து நின்றார். ஒரே முதுகு இரண்டு முறை. படத்தில் ஒன்று, படத்துக்கு முன்னால் ஒன்று. முகம் வேண்டாம் என்றவரை, முகமில்லாமலே பிடித்து வைத்திருக்கிறோம். இதற்கு என்ன சொல்லப் போகிறார்?

அவர் குடையை விரித்தார், மண்டபத்துக்குள்ளேயே. தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இவ்வளவு கிழிஞ்சா கிடக்கு?"

முதலில் சிரித்தது அதிகாரி. பிறகு யார் சிரித்தது, யார் சிரிக்காதது என்று பிரிக்க முடியவில்லை. மரைக்காரின் வாயும் ஒரு பக்கம் அசைந்தது. "என்ட முதுக நான் எங்க பாத்திரிக்கன்" என்றார். "மாஷா அல்லாஹ். இப்பிடித்தானா நான் நடக்கிற?"

"ஓம் மரைக்கார், இப்பிடியேதான்!" என்று பெண்கள் ஒரே குரலில் சொன்னார்கள். உம்மா முன்னுக்கு வந்து கையை நீட்டினா. "குடையத் தாங்க மரைக்கார், தைச்சுத் தாறன். கறுப்பு நூல் இரிக்கி."

அதிகாரி அதிபரிடம் போனார். "நான் சொன்னது பிழை. இந்த ஊரில அடையாளம் தெரியாத ஆள் நான் ஒருத்தன்தான்." நம்மைப் பார்த்துச் சொன்னார்: "சித்திரம் இருக்கும். மன்றமே படிப்பிக்கட்டும்."

சாச்சா ஊதிய விசில் தெருவில் போன பஸ்ஸை நிறுத்திவிட்டது. பொய் இல்லை, நடத்துனர் இறங்கி வந்து என்ன விஷயம் என்று கேட்டார். சீன் அண்ணன் அதே பஸ்ஸில் காரைதீவுக்குப் போனார், சன்னலால் சாயக் கையை நீட்டி ஆட்டிக்கொண்டு.

அந்தத் திரை இப்போது இல்லை. கடல் ஊருக்குள் ஏறி வந்த அன்றைக்கு மண்டபத்தோடு போனது. அதில் இருந்த முதுகுகளில் சிலவும் போயின. ஆனால் பாடம் போகவில்லை; மன்றமும் போகவில்லை. நம் வாங்கிலிருந்தே ஒருத்தி சித்திர ஆசிரியையாகி ஓய்வு பெறப் போகிறாள். அவள் படிப்பித்த பிள்ளைதான் அந்த ஏணிக்காரி. போன கிழமை மதிலில் அவள் கீறியது முகங்கள், பெரிய பெரிய கண்கள். ஓரத்தில் மட்டும் ஒருவர் குடையோடு அங்கால் பார்த்து நடக்கிறார். "அது ஆர் மகள்?" என்று கேட்டேன். "தெரியா மாமி. எங்கட டீச்சர் எந்தப் படத்திலயும் ஒரு குடைக்காரரப் போடச் சொல்லுவா" என்றாள். குடையில் தையல் இருந்தது.

தையலுக்குக் காரணம் உண்டு. அதிகாரி வந்துபோன மறுநாள், ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மரைக்கார் நம் வீட்டு வாசலுக்கு வந்தார். உம்மாவிடம் குடையை வாங்கினார். என்னைக் கூப்பிட்டார். மண்டபத்துப் பூட்டின் திறப்பை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"நெல் வந்தா?" என்று கேட்டேன்.

"நெல் ஒரு பக்கம் கிடக்கட்டும். நீங்க மத்தப் பக்கம் கீறுங்க."

குடையை விரித்தார். வெயிலுக்குள் இறங்கினார். ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கச்சான் காற்றுக்குள், எனக்கு மனப்பாடமான அந்த முதுகு போனது. வேலிப் படலையடியில் நின்று, முகத்தைத் திருப்பாமலே சொன்னார்:

"உம்மா குடையத் தைச்சிட்டா. நீ படத்துலயும் தைச்சிரு, மகள்."